1924-ல் யார் புகை விட்டது? ஏலமலை ஜீப் வாக்குவாதத்துக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: "கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் தினமும் இதே வாக்குவாதம்தான். காலநிலை கெட்டுப்போனதற்கு மனிதன்தான் காரணம் என்று ஒரு கட்சி. '1924-ல் வெள்ளம் மூணாறையே அடித்துக்கொண்டு போனதே, அன்றைக்கு இந்த மலையில் எத்தனை கார் ஓடியது?' என்று எதிர்க்கட்சி. இதில் எது நிரூபணமானது, எது வெறும் அபிப்பிராயம், எது புரளி? பிரித்துச் சொல்ல முடியுமா?"

முடியும். முதலில், உங்கள் ஜீப்பில் ஓடுவது ஒரு வாக்குவாதம் போலத் தெரிந்தாலும் அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. பூமி சூடாகிறதா? அதற்கு மனிதன் காரணமா? இனிமேல் எவ்வளவு சூடாகும்? யார் செலவில் என்ன செய்வது? முதல் இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது. மூன்றாவதற்கு ஒரு வரம்புக்குள் விடை இருக்கிறது. நான்காவது முழுக்க அரசியல், அதில் விஞ்ஞானி சொல்வதற்கும் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வருகிறவர் சொல்வதற்கும் ஒரே எடை. நான்காவது கேள்வியில் உள்ள கோபத்தை வைத்து இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் போவதால்தான் பேச்சு எப்போதும் கைகலப்பில் முடிகிறது.

இனி 1924. அந்த வாதத்தைக் கிண்டல் செய்து ஒதுக்காதீர்கள், அதில் உள்ள தகவல் சரி. மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு 1099-ல் வந்ததால் மலையாளிகள் அதை 'தொண்ணூற்றொம்பது வெள்ளம்' என்பார்கள். 1924 ஜூலை 16 முதல் 18 வரை மூன்று நாளில் கேரளம் முழுமைக்கும் சராசரியாக 443 மில்லிமீட்டர் மழை. தேவிகுளம் பகுதிதான் அந்தப் புயல்மழையின் மையம். மூணாற்றில் ஓடிக்கொண்டிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை அதோடு போயிற்று, திரும்பக் கட்டவே இல்லை. 2018 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை பெய்த மூன்று நாள் மழையின் சராசரி 414 மில்லிமீட்டர். மத்திய நீர் ஆணையம் 2018 செப்டம்பரில் தந்த அறிக்கையிலேயே இந்த ஒப்பீடு இருக்கிறது. ஆக, மூன்று நாள் கணக்கில் பார்த்தால் 1924 ஒரு படி மேல். அன்றைக்குக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 305 பங்கு அளவில்தான் இருந்தது. மனிதன் பெரிதாகக் கைவைக்காத வானமும் மூணாறை மூழ்கடிக்கும், சந்தேகமே இல்லை.

ஆனால் காலநிலை அறிவியல் இதை என்றைக்கும் மறுத்ததில்லை. 'இயற்கையால் முடியுமா' என்பது கேள்வியே கிடையாது. முன்பு எப்போதாவது வந்தது இப்போது எத்தனை அடிக்கடி வருகிறது, வரும்போது எவ்வளவு கூடுதலாக வருகிறது என்பதுதான் கேள்வி. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. இது 19-ஆம் நூற்றாண்டு இயற்பியல், பருவநிலை மாநாடு எதிலும் ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்தது இல்லை. வயலில் தண்ணீர் ஏற்கெனவே ஒரு விரற்கடை ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு வரப்புக்குள் அடங்கிய அதே மழை இப்போது வரப்பைத் தாண்டும். மழையைப் பெய்வித்தது யார் என்று கேட்பதைவிட, அந்த ஒரு விரற்கடையை ஏற்றியது யார் என்று கேட்பதுதான் பொருத்தம்.

இன்னொன்றையும் இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். 94 வருட இடைவெளியில் வந்த இரண்டு வெள்ளத்தை வைத்து எந்தப் போக்கையும் சொல்ல முடியாது. 1924-ஐக் காட்டி 'ஒன்றும் மாறவில்லை' என்பதும், 2018-ஐக் காட்டி 'எல்லாம் மாறிவிட்டது' என்பதும் ஒரே தவறின் இரண்டு முகம்.

அப்படியானால் மனிதன்தான் காரணம் என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? வெள்ளத்தையோ வறட்சியையோ வைத்து இல்லை. வரவு செலவுக் கணக்கை வைத்து. கணக்கு தெரிந்த யாரும் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு, சிமெண்டு ஆகியவற்றிலிருந்து மனிதர்கள் வருடத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை விடுகிறோம். இது ஊகம் கிடையாது. எவ்வளவு நிலக்கரி வெட்டினார்கள், எவ்வளவு எண்ணெய் விற்றது என்பதற்கு வரி ரசீது இருக்கிறது. காடழிப்பில் இன்னும் ஒரு 400 கோடி டன் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 4,100 கோடி. காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு ஏற வேண்டுமென்றால் 780 கோடி டன் சேர வேண்டும். இப்போது வருடத்துக்குச் சராசரியாக இரண்டரைப் பங்கு ஏறுகிறது, அதாவது சுமார் 1,950 கோடி டன். நாம் விட்டதில் பாதிகூடக் காற்றில் தங்கவில்லை. மீதியைக் கடலும் காடும் மண்ணும் உறிஞ்சிக்கொண்டன. எனவே இயற்கை இந்தக் கணக்கில் கொடுப்பவர் பக்கம் இல்லை, வாங்கிக்கொள்பவர் பக்கம். 'எரிமலைதான் விடுகிறது, கடல்தான் விடுகிறது' என்பவர்கள் இந்தக் கணக்கை எப்படி நேர் செய்வார்கள் என்று கேளுங்கள். எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது மனிதன் விடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 ஆக இருந்தது. சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகா பனிப்பாளத்தைத் துளைத்தெடுத்து, அதற்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளைப் பார்த்ததில் கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் இது 180-க்கும் 300-க்கும் இடையில்தான் ஏறி இறங்கியிருக்கிறது.

அது நிலக்கரியிலிருந்து வந்த கார்பன்தானா என்பதற்குக் கைரேகையும் உண்டு. கார்பன்-14 என்ற வகை கதிரியக்கம் உள்ளது, 5,730 ஆண்டில் பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது துளியும் மிஞ்சாது. அந்தப் புகை காற்றில் கலக்கக் கலக்கக் காற்றிலுள்ள கார்பன்-14 விகிதம் நீர்த்துப்போக வேண்டும். அணுகுண்டுச் சோதனைகள் காற்றைக் குழப்புவதற்கு முந்தைய மர வளையங்களிலேயே இந்த நீர்ப்பு தெரிகிறது என்று ஹான்ஸ் சூயஸ் 1955-ல் காட்டிவிட்டார். அடுத்தது கார்பன்-13. செடிகள் கார்பன்-12-ஐ விரும்பி எடுப்பவை, செடிகளிலிருந்து உருவான நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-13 குறைவு. காற்றிலும் அதன் பங்கு இறங்கிக்கொண்டே வருகிறது. மூன்றாவதாக ஆக்சிஜன். எரிமலை வாயு விட்டால் ஆக்சிஜன் செலவாகாது, எரித்தால்தான் செலவாகும். காற்றில் ஆக்சிஜன் மிக மெதுவாக, நாம் எரிக்கும் அளவுக்கு ஒத்தபடி, குறைவது அளக்கப்பட்டிருக்கிறது. (பயப்பட வேண்டாம், 21 சதவீதத்தில் அது கண்ணுக்கே தெரியாத குறைவு. 'மூச்சுக்காற்று தீர்ந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது புரளி.)

வாயு கூடியது சரி, அதனால்தான் சூடு கூடியதா? இதற்கு எனக்குப் பிடித்த சான்று மேல்வானத்தில் இருக்கிறது. சூரியன் கூடுதலாகக் காய்ந்து பூமி சூடானால், தரையும் சூடாக வேண்டும், விமானம் பறக்கும் உயரத்துக்கு மேலே உள்ள அடுக்குமண்டலமும் சூடாக வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால், தரைப் பக்கம் வெப்பம் தங்கும். மேலே மெலிந்த காற்றில் அதே வாயு வெப்பத்தை விண்வெளிக்கு வீசுவதால் அடுக்குமண்டலம் குளிர வேண்டும். சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-லேயே இதைக் கணித்து எழுதினார்கள். பிறகு செயற்கைக்கோள்கள் அளந்ததில் கீழே சூடும் மேலே குளிரும்தான் பதிவாகியிருக்கின்றன. ஓசோன் குறைந்ததும் அடுக்குமண்டலத்தின் கீழ்ப்பகுதி குளிர ஒரு காரணம். ஆனால் மேல்பகுதிக் குளிர்ச்சியில் பெரும்பங்கு கரியமில வாயுவினுடையது. மனாபேக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. சூரியனை 1978 முதல் செயற்கைக்கோளில் நேரடியாகவே அளக்கிறார்கள். 11 ஆண்டுச் சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறி இறங்குகிறதே தவிர, வெப்பத்தோடு சேர்ந்து மேலே போகவில்லை.

இரவு வெப்பம் பகலைவிட வேகமாக ஏறுகிறது என்றும் ஒரு சான்று சொல்வார்கள். உலக அளவில் உண்மைதான். ஆனால் மேகம், ஈரப்பதம், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவது எல்லாம் இரவு வெப்பத்தைப் பாதிப்பதால், ஒரு ஊரில் வைத்துப் பேசும்போது நான் இதை நம்பி வாதிட மாட்டேன்.

மிச்ச வாதங்களை வேகமாகப் பார்த்துவிடலாம்.

'0.04 சதவீத வாயு என்ன செய்துவிடும்?' காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக்கதிரைப் பிடிப்பதே இல்லை, அதனால் பிடிக்கிற கொஞ்சம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. யூனிஸ் ஃபுட் 1856-ல் கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, அது கூடுதலாகச் சூடாவதைக் காட்டினார். ஜான் டிண்டால் 1859-லிருந்து எந்த வாயு எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தார். அர்ரீனியஸ் 1896-ல், வாயு இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி ஏறும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். காலநிலைக்கான கியோட்டோ மாநாடு நடப்பதற்கு 101 வருடம் முன்பு.

'நீராவிதானே பெரிய பசுமைக்குடில் வாயு?' ஆமாம். ஆனால் நீராவி பத்து நாளில் மழையாகிவிடும், தானாகக் கூடி நிற்காது. காற்று சூடானால்தான் அது கூடும். முதலில் சூடாக்குவது வேறொன்று, அதைப் பெரிதாக்குவது நீராவி.

'பனியுகங்களில் வெப்பம் முதலில் ஏறியது, வாயு பிறகுதான் ஏறியது.' பனியுகம் முடியும்போது பூமியின் சுற்றுப்பாதை மாற்றம் தொடக்கிவைத்தது, கடல் சூடாகி வாயுவை விட்டது, அந்த வாயு மேலும் சூடாக்கியது. இப்போது வாயுவை நாம் நேரடியாக விடுகிறோம். அன்றைய வரிசை வேறு, இன்றைய வரிசை வேறு. கரியமில வாயு சூடாக்கும் என்பது இரண்டிலும் மாறவில்லை.

'நகரத்து சிமெண்டுக் கட்டடங்களின் சூட்டைத்தான் அளக்கிறார்கள்.' நகரங்கள் சூடு என்பது உண்மை. ஆனால் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே சிமெண்டு இல்லை. ரிச்சர்ட் முல்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதே சந்தேகத்தோடுதான் பெர்க்லி எர்த் என்ற குழுவைத் தொடங்கி, எல்லா வெப்பநிலைப் பதிவுகளையும் புதிதாக ஆராய்ந்தார். 2012-ல் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்: பூமி சூடாவது உண்மை, ஏறக்குறைய முழுக்காரணமும் மனிதன்தான்.

விஞ்ஞானிகள் ஒரே நாளில் இந்த முடிவுக்கு வந்துவிடவில்லை. காலநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா.வின் ஐபிசிசி குழு 1988-ல் அமைந்தது. 1995 அறிக்கையில் 'மனிதத் தாக்கம் புலப்படுகிறது' என்ற அளவில் பட்டும் படாமலும் எழுதினார்கள். 2001-ல் 66 சதவீத உறுதி, 2007-ல் 90, 2013-ல் 95, 2021-ல் 'ஐயத்துக்கு இடமில்லை'. 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடும் என்று ஒரு வரி வந்தது. தவறு. 2010 ஜனவரியில் திருத்திக்கொண்டார்கள். 2009-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல்கள் திருடி வெளியிடப்பட்டு 'மோசடி' என்று உலகம் முழுக்கப் பேச்சானது. பல விசாரணைகள் நடந்தன, தரவைத் திரித்ததாக எதிலும் நிரூபணமாகவில்லை. மறுபக்கம் பாருங்கள்: எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970-களின் கடைசியிலிருந்து போட்ட வெப்பக் கணிப்புகள் பெரும்பாலும் பலித்திருக்கின்றன என்று 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதே காலத்தில் நிறுவனம் வெளியே 'இன்னும் உறுதியாகவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. பொதுவெளியில் இருபது முப்பது வருடம் ஓடிய குழப்பத்தில் எவ்வளவு இயல்பானது, எவ்வளவு விலைக்கு வாங்கப்பட்டது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இதுவரை எதிர்க்கட்சிக்குச் சொன்னேன். 'மனிதன்தான் காரணம்' என்கிற கட்சியும் நிறைய அளக்கிறது, குறிப்பாக நம் மலைப்பக்கத்தில்.

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணோடு போயின. சுமார் இரண்டு வாரத்தில் உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. முறை இதுதான்: இன்றைய வெப்பமுள்ள உலகையும் 1.3 டிகிரி குறைந்த உலகையும் கணினி மாதிரிகளில் ஓட்டி, இரண்டிலும் இதே அரிதான ஒருநாள் மழை எவ்வளவு பெய்கிறது என்று ஒப்பிடுவது. விடை: காலநிலை மாற்றத்தால் மழை சுமார் 10 சதவீதம் கூடியது. அன்றைக்குப் பெய்தது ஒரே நாளில் 140 மில்லிமீட்டருக்கு மேல். அதாவது பழைய உலகில் அது ஏறத்தாழ 127 ஆக இருந்திருக்கும். சிறிய மலைப்பகுதி என்பதால் மாதிரிகளின் துல்லியம் குறைவு என்று அந்த ஆய்வே சொல்கிறது. 127 மில்லிமீட்டரிலும் அந்தச் சரிவு இறங்கியிருக்குமா? அதை மழைக்கணக்கு சொல்லாது. சரிவின் கோணம், மண் ஆழம், முந்தைய நாட்களின் ஈரம், மேலே எந்த மரம் இருந்தது, ஓடையை யார் மறித்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் சொல்லும். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் 70 பேர், பெரும்பாலும் நம் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள், லயன் எனும் வரிசை வீடுகளோடு புதைந்தார்கள். 'காலநிலை மாற்றம்' என்று ஒரே சொல்லில் அதை முடித்துவிட்டால், ஓடை ஓரத்தில் லயன் ஏன் இருந்தது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பேரிடருக்குப் பிறகு அதிகாரிகளும் முதலாளிகளும் திடீரென்று சுற்றுச்சூழல்வாதி ஆவதைக் கவனித்திருப்பீர்கள்.

அணை விவகாரமும் அப்படித்தான். 2018-ல் முல்லைப்பெரியாறு 142 அடியைத் தொட்டபோது திடீரென்று தண்ணீர் திறந்ததும் வெள்ளத்துக்குக் காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, தமிழ்நாடு மறுத்தது. வழக்கத்துக்கு மீறிய மழையே காரணம், அணைகள் இல்லை என்று மத்திய நீர் ஆணையம் சொன்னது. கேரள உயர் நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் 2019-ல் அணைகளை நிர்வகித்த முறையைக் குறைகூறினார். இதில் யார் சரி என்பது தனி வழக்கு. அணையை எப்போது எவ்வளவு திறப்பது என்ற முடிவுக்கும் கரியமில வாயுவுக்கும் சம்பந்தம் இல்லை, ஒன்றைக் காட்டி மற்றதிலிருந்து தப்பிக்க விடாதீர்கள்.

ஏலத்துக்கு வருவோம். 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடி கருகியதைக் கம்பம் முழுக்கப் பார்த்தது. அது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல்நினோ ஆண்டின் வெயில், அதோடு பூமியின் சூடும் சேர்ந்தது. ஆனால் பழைய தோட்டங்களில் ஏலம் காட்டு மரத்தின் அடர்ந்த நிழலில் வளர்ந்தது. ஞள்ளானி போன்ற அதிக மகசூல் ரகங்கள் வந்தபின், வெளிச்சம் வேண்டுமென்று கிளைகளை வெட்டி நிழலைக் குறைத்துவிட்டார்கள். நிழல் குறைந்தால் தரைச்சூடு ஏறும், காற்று செடிவரிசைக்குள் நுழையும், மண் ஈரம் சீக்கிரம் போகும். இதுவும் மனிதனால் வந்த சூடுதான், ஆனால் டெல்லியிலோ டெக்சாஸிலோ உள்ள மனிதனால் வந்தது இல்லை. இதை மாற்ற எந்த உலக மாநாட்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.

மழை குறைகிறதா கூடுகிறதா என்பதிலும் ஜீப்பின் இரு கட்சிகளும் பாதிப் பாதி சரி. புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது. குறைவு தெளிவாகத் தெரிகிற இடங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று. அதே காலத்தில் மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டரைத் தாண்டும் பெருமழைகள் சுமார் 75 சதவீதம் அடிக்கடி வந்திருக்கின்றன. மொத்தம் குறைவதும் ஒரு நாளில் கொட்டுவது கூடுவதும் ஒன்றாகவே நடக்கலாம், முரண்பாடு இல்லை. 'வெப்பம் கூடினால் மழை கூடணுமே, ஏன் குறைந்தது?' என்று கேட்பவர் நல்ல கேள்விதான் கேட்கிறார். வட இந்தியாவின் புகையும் தூசும் வெயிலை மறைத்து நிலத்தை முழுதாகச் சூடேற விடவில்லை. இந்தியப் பெருங்கடலோ அதே காலத்தில் சுமார் ஒரு டிகிரி ஏறியது. நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம்தான் பருவக்காற்றை இழுப்பது. அது தளர்ந்தது. இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரை 0.7 டிகிரிதான் ஏறியதற்கும் இந்தப் புகைத்திரை ஒரு காரணம். புகை ஒருநாள் குறையும், அப்போது மறைந்திருக்கும் சூடு வெளியே வரும்.

இனிமேல் எவ்வளவு என்ற மூன்றாவது கேள்விக்கு: கரியமில வாயு இரட்டித்தால் 2.5 முதல் 4 டிகிரி வரை என்பது 2021 மதிப்பீடு. இரண்டரைக்கும் நான்குக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரியது. மேகங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதில்தான் பெரும்பாலான சிக்கல். உண்மையான அறிவியல் விவாதம் இங்கே நடக்கிறது, இதில் சந்தேகம் எழுப்புகிறவரை மறுப்பாளர் என்று முத்திரை குத்தக் கூடாது.

நான்காவது கேள்வியில் நம் ஆட்களின் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. ஒரு இந்தியர் வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 2 டன் கரியமில வாயு விடுகிறார், உலகச் சராசரி 4.7 அளவில், அமெரிக்கர் சுமார் 14. அந்த 2 டன்னும் சராசரிதான், கம்பத்திலிருந்து மலையேறுகிற கூலித்தொழிலாளியின் பங்கு அதிலும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்தொகை காரணமாக ஆண்டுக்கணக்கில் இந்தியா மூன்றாவது பெரிய நாடு, 2070-க்குள் நிகர பூஜ்யம், அதாவது விடுவதும் உறிஞ்சப்படுவதும் சமம், என்று 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவித்தும்விட்டது. பாதிக்கப்படும் நாடுகளுக்கான இழப்பீட்டு நிதிக்கு 2022-ல் எகிப்து மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். யார் எவ்வளவு கட்டுவது என்பதில் இழுபறி. 'வெள்ளைக்காரன் செய்ததற்கு நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும்' என்று ஒருவர் கேட்டால், அவர் இரண்டாவது கேள்விக்கு 'ஆம், மனிதன்தான்' என்று ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.

இவ்வளவு சொல்லியும் 'எல்லாம் எங்கோ உட்கார்ந்து எழுதியது' என்பவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம். பழைய தேயிலை, ஏலத் தோட்டங்களில் மழைப் பதிவேடு இருக்கும். சிலவற்றில் பல பத்தாண்டுக் கணக்கு கிடைக்கும். கணக்குப்பிள்ளையிடம் கேட்டு, தினசரிப் பக்கங்களைப் படமெடுத்து, ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும், 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். வருடத்தை ஜூனில் தொடங்கி மே-யில் முடியுங்கள், அப்போது இரண்டு பருவமழையும் முறியாமல் ஒரே வருடத்துக்குள் வரும். ஒவ்வொரு வருடத்துக்கும் நான்கு எண் எடுங்கள்: மொத்த மழை, 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெய்த நாட்கள், வருடத்தின் ஆகப்பெரிய ஒருநாள் மழை, ஆகப்பெரிய தொடர் மூன்றுநாள் மழை. மண்சரிவுக்கும் அணை வரத்துக்கும் கடைசி எண்தான் முக்கியம்.

எங்கே தவறும் என்றால், பெரும்பாலும் பதிவேட்டில்தான் தவறும். ஞாயிற்றுக்கிழமை யாரும் அளக்காமல் திங்கள்கிழமை இரண்டு நாள் மழையை ஒன்றாக எழுதியிருப்பார்கள், அது பொய்யான பெருமழை நாளாகத் தெரியும். திங்கள்கிழமைகளின் சராசரியைத் தனியாக எடுத்துப் பார்த்தால் மற்ற கிழமைகளைவிடத் தூக்கலாக இருக்கும், குட்டு உடைந்துவிடும். வெற்றிடமாக விட்ட நாளும் 'பூஜ்யம்' எழுதிய நாளும் ஒன்றில்லை, இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். மழைமானியின் வாய்ப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால் 20 மில்லிலிட்டர் தண்ணீர்தான் ஒரு மில்லிமீட்டர் மழை. 100 சதுர சென்டிமீட்டர் என்றால் 10 மில்லிலிட்டர். அளவுக் குவளை உடைந்து மற்ற அளவுக்குரிய குவளையை வாங்கி வைத்திருந்தால், அன்று முதல் மழை திடீரென்று இரட்டிக்கும் அல்லது பாதியாகும். பக்கத்துத் தோட்டத்துப் பதிவோடு மாத மொத்தத்தை ஒப்பிட்டால் எந்த மாதத்தில் குவளை மாறியது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். மழைமானிக்குப் பக்கத்தில் சில்வர் ஓக் வளர்ந்து மறைத்திருந்தால் பதிவு வருடா வருடம் மெல்லக் குறையும். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி மானி இருக்க வேண்டும்.

ஒப்பிடும்போது தொடக்க வருடத்தைத் தேர்ந்தெடுத்து ஏமாற்றாதீர்கள், ஏமாறவும் வேண்டாம். 2016-ல் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை 34 சதவீதம் பொய்த்தது. அதில் தொடங்கினால் மழை கூடுவதுபோல் கோடு ஏறும். 2018-ல் தொடங்கினால் அதே கோடு இறங்கும். உலக அளவிலும் இதே தந்திரம்தான்: எல்நினோ உச்சத்தில் இருந்த 1998-லிருந்து கோடு போட்டு 'வெப்பம் நின்றுவிட்டது' என்று பல வருடம் பேசினார்கள். முப்பது வருடச் சராசரியை முப்பது வருடச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒரு வருடத்தில் பத்தில் ஒரு பங்கு நாட்களுக்கு மேல் பதிவு இல்லையென்றால் அந்த வருடத்தையே விட்டுவிடுங்கள். சரிபார்க்க, இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம் 1901 முதலான தினசரி மழையைக் கால் டிகிரிக் கட்டங்களாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சதுரம். கூடலூர் அடிவாரமும் குமுளி உச்சியும் ஒரே கட்டத்துக்குள் விழலாம் என்பதால், அதை உங்கள் தோட்டத்து மழை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, போக்கைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரே தோட்டத்தின் பதிவில் எந்தப் போக்கும் தெரியாமல் போகலாம், அதற்கு நல்ல வாய்ப்பே இருக்கிறது. மலையில் ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் உள்ள ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரியது, ஏழெட்டு சதவீத மாற்றம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அப்போது எதிர்க்கட்சிக்காரர் 'பார்த்தீர்களா' என்பார். பத்துப் பதினைந்து தோட்டத்துப் பதிவுகளை, வருடத்தின் ஆகப்பெரிய மூன்றுநாள் மழையை மட்டும் எடுத்து, ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் அவரே பதிவேடு தேடி அலையத் தொடங்கியிருப்பார்.